ரெட்வுட் காட்டில் ஒரு பகல் நடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் ஜூலையில் நானும் என் கணவரும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். வட கலிபோர்னியக் கடற்கரையிலுள்ள ப்ரெய்ரி க்ரீக் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக அவள் சொல்கிறாள். எனக்கு 64 வயது. முழங்கால் வலியும் உண்டு. மலையேறாமல் அந்தக் காட்டைப் பார்க்க முடியுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமாக முடியும். மிகப் பெரிய ரெட்வுட் மரங்கள் மலையுச்சியில் வளர்வதில்லை. ஓடைகள் வண்டல் கொண்டுவந்து சேர்த்த சமதரையில்தான் அவை ஓங்கி வளர்கின்றன என்பதால், உங்கள் முழங்காலுக்கு ஏற்ற பாதைதான் காட்டின் சிறந்த பாதையாகவும் இருக்கிறது. (செம்மரம் என்று எழுதினால் சேஷாசலம் மலையின் மரம் நினைவுக்கு வந்துவிடும், இது முற்றிலும் வேறு இனம் என்பதால் ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.)

பார்வையாளர் மையத்தில் தொடங்கி, ஓடையோரமாகச் சென்று, ஃபுட்ஹில் பாதை வழியாகத் திரும்பும் சுற்று ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஏற்றம் மிகக் குறைவு. அதுவும் அதிகம் என்று தோன்றினால், வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிடங்களிலேயே அடையக்கூடிய 'பிக் ட்ரீ' என்னும் மரத்தை மட்டுமாவது பாருங்கள். 85 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அது, தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தையும் விஞ்சும் உயரம். ஜூலையில் அங்கே மழை அரிது. கடலிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுவதும், இலைகளே அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதும்தான் கோடையில் இம்மரங்களைக் காக்கின்றன. ஆகவே கோடைதானே என்று எண்ணாமல் ஸ்வெட்டர் கொண்டுசெல்லுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு என்பதால், முதல் நாள் இரவு ஆர்கேட்டாவிலோ கிரெசென்ட் சிட்டியிலோ தங்கிவிட்டுக் காலையில் நடப்பதே நல்லது.

பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. சில மீட்டர் ஆழத்திலேயே பக்கவாட்டில் பரவும் வேர்களுக்கு மேலுள்ள மண், காலடி பட்டுப் பட்டு இறுகிவிட்டால் நீர் இறங்காது.

கேள்வி: அதே பூங்காவின் ஃபெர்ன் கேன்யன் எளிதானதா?

பதில்: தூரம் குறைவு. ஆனால் இருபுறமும் பெரணிச்செடிகள் போர்த்திய, சுமார் 15 மீட்டர் உயரச் சுவர்களுக்கு இடையே, ஓடை நீரிலும் கூழாங்கற்களிலும் விழுந்த மரங்களைத் தாண்டியும் நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மற்றவர்கள் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன்பதிவு செய்துகொண்டே செல்ல வேண்டும். வழியில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் மேய்ந்தால், சாதுவாகத் தோன்றினாலும் 25 மீட்டராவது விலகி நில்லுங்கள்.

கேள்வி: கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிடலாமா? பறவைகளுக்கும் ஒரு பிடி வைக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: சாப்பிடலாம், வைக்கக் கூடாது. காக்கைக்கு வைத்துவிட்டு உண்ணும் நமக்கு இது மனத்துக்கு ஒவ்வாததுதான். ஆனால் அந்தக் காட்டின் கதை வேறு. மார்பிள்ட் மியூர்லெட் என்றொரு சிறிய கடற்பறவை, கடலில் மீன் பிடித்துவிட்டு, முதிர்ந்த மரங்களின் பாசி படர்ந்த அகன்ற கிளையில் ஒரே ஒரு முட்டையிடும். 1974இல் கலிபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில் ஒரு மரத்தின் மீது அதன் கூடு கண்டறியப்படும் வரை, அது எங்கே குஞ்சு பொரிக்கிறது என்பதே பறவையியலாளர்களுக்குப் புதிராக இருந்தது. இன்று அருகிவரும் இனம் அது. மனிதர் சிந்தும் சோற்றுக்காக ஸ்டெல்லர்ஸ் ஜே என்னும் நீலப் பறவையும் அண்டங்காக்கையும் கூட்டமாகச் சேர்கின்றன. சேர்ந்தவை கிளைகளைத் துழாவி அந்த ஒற்றை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. எனவே புளியோதரையை மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். மேசையில் உண்டபின் கீழே விழுந்த பருக்கைகளையும் கடலைப்பருப்பையும் குனிந்து பொறுக்கி, அதே டப்பாவில் போட்டு, வண்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.