ஜூன் மாதமும் அடகுச் சீட்டும்

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். நல்ல மாதத்தில் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் வரும், பனிக்காலத்தில் 15,000 வந்தாலே பெரிது. மகன் மூன்றாம் வகுப்பும் மகள் ஒன்றாம் வகுப்பும் போகப் போகிறார்கள். இருவரும் தனியார் பள்ளி. மூன்று வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் 40,000 ரூபாய்க்கு நகை வைக்கிறேன். கொஞ்சம் அசல் கட்டியது போக 95,000 நிற்கிறது. மாதம் ஒன்றரை வட்டி. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளி நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாத்தனார், "நம்ம வீட்டுப் பிள்ளைங்க இலவசப் புத்தகம் வாங்கிப் படிக்கணுமா?" என்கிறார். அவர் வீட்டுக்காரர் மாதம் 2,000 ரூபாயில் பிள்ளைகள் பேரில் ஒரு பாலிசி போடச் சொல்கிறார். போடலாமா? போன வருடப் பள்ளி பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரி, பாலிசி வேண்டாம். உங்கள் வீட்டுப் பணத்தை அரிப்பது வேறொன்று. ஜூன் வந்தால் அடகுக்கடை வாசலில் நிற்கும் வழக்கம்தான் அது. பள்ளி ஜூனில் திறக்கும் என்பது பிள்ளையைச் சேர்த்த நாளிலேயே தெரிந்த செலவு. அதை அவசரச் செலவு போல மூன்று வருடமாகக் கடனில் சமாளிக்கிறீர்கள்.

95,000க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 1,425. வருடத்துக்கு 17,000 சொச்சம். இந்த ஜூனிலும் 40,000 வைத்தால் கடன் 1,35,000, வட்டி மாதம் 2,025. ஒரு பவுன்கூட வீடு திரும்பாது.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்குப் புத்தகம், நோட்டு 5,500. சீருடை, ஷூ, பை 4,000. இரண்டு பேருக்கும் 19,000. அதில் சின்னவளுக்குக் கம்ப்யூட்டர் புத்தகம் என்று 380 ரூபாய், கர்சிவ் ரைட்டிங் 240, ஜி.கே. 310. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு ஜி.கே. புத்தகம் எதற்கு என்று கேட்டால் என்னைப் பழைய ஆள் என்பார்கள், பரவாயில்லை. மூன்று வருடத்தில் இந்தச் சாமான்களுக்கு மட்டும் 50,000க்கு மேல் போயிருக்கும். இன்று நிற்கிற கடனில் பாதிக்கு மேல் அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசில்லாமல் வந்ததை நீங்கள் வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

அரசுப் பள்ளியில் புத்தகத்துக்கு வருமானச் சான்று எல்லாம் கேட்பதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகம் அச்சிட்டு அனுப்புகிறது, அங்கே சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளை ஒன்றின் புத்தகத்துக்கு வருடம் 250 ரூபாய் என்பதுதான் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு. அந்த 250ஐயும் உங்கள் 5,500ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நாத்தனாரிடம் காட்டுங்கள். இலவசம் என்று அவர் முகம் சுளிப்பது அவர் வீட்டுக்காரரும் கட்டுகிற வரியில் அச்சான புத்தகம்.

சீருடைக்கு மட்டும் ஒரு விஷயம்: நான்கு செட் சீருடை சத்துணவில் பெயர் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். சேர்க்கும்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள். பை, காலணி, வண்ணப் பென்சில் உண்டு. மலைப்பகுதி என்பதால் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டும் தருகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் எப்படிச் சமாளிக்கிறார்கள், ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளி பக்கத்தில் இருந்தால் அதுவும் சரி. ஆனால் பிள்ளை சேரும் பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுயநிதி என்றால் மறுபடி பில்தான். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மாற்றினால் மிச்சமாவது கட்டணம் 44,000, சாமான் 19,000, இருவருக்கும் வேன் 24,000. ஆக வருடம் 87,000, மாதம் ஏழாயிரத்துக்கு மேல். அந்தத் தொகையை அப்படியே நகைக் கடனுக்குக் கட்டினால், வட்டியோடு சேர்த்தாலும் ஒன்றேகால் வருடத்தில் நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும். பிறகு ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று நிதானமாக யோசிக்கலாம். அந்த முடிவுதான் பெரியது. மகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

மாற்ற வீட்டில் சம்மதிக்கவில்லையா? அப்படியானால் பள்ளியில் புத்தகப் பட்டியலை விலையோடு தனித்தனியாகக் கேளுங்கள், மேல் வகுப்புப் பிள்ளையிடம் பழைய புத்தகம் வாங்குங்கள், கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். கோடை மழைக்குப் பின் கொழுந்து ஏறும் மாதங்களில் ஃபேக்டரிப் பணத்திலிருந்து ஒரு தொகையைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினால் பனிக்காலம் இடிக்காது. எப்படியானாலும் இந்த ஜூனில் புதிதாக நகை வைக்காதீர்கள்.

பாலிசியைப் பற்றி இரண்டே வரி. 18 சதவீத வட்டி கட்டுகிறவருக்கு அதைவிட அதிகம் தரும் குழந்தைகள் பாலிசி எதுவும் கிடையாது, படத்தில் குழந்தை எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் சரி. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற உங்கள் வீட்டுக்காரர் பெயரில், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஒரு டேர்ம் பாலிசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த 2,000ஐ அடுத்த மாதத்திலிருந்து அசலில் கட்டுங்கள். நகைகள் தனித்தனிச் சீட்டில் இருந்தால் சின்னச் சீட்டை முதலில் மீளுங்கள், மிச்சத்தை வட்டி குறைந்த கூட்டுறவு வங்கிக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். சீட்டில் மீட்புக் கெடு எந்தத் தேதி என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.