அம்மா ஏன் பூப்பறிக்கப் போவதில்லை?

கேள்வி: எனக்கு 52 வயது. பல வருடங்களாகக் காலையில் பூஜை, திருமுறை, தியானம் என்று ஒழுங்காக இருந்தவன். இப்போது மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு தியான வகுப்புகளில் சேர்ந்தேன். தினமும் காலை 5 மணிக்கு செல்போனில் ஒரு வகுப்பும் கேட்கிறேன். எங்கள் வீட்டுக் கொல்லைப் பாதை மாதிரி மனசு புல் மண்டிக் கிடக்கிறது. (அம்மாகூட இப்போது பூப்பறிக்க அந்தப் பக்கம் போவதில்லை, கடையில்தான் வாங்குகிறோம்.) மறுபடி வழிக்கு வர எந்த முறையைப் பிடிப்பது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தியானத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அடைப்புக்குறிக்குள். நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை.

அம்மா ஏன் போவதில்லை? கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். புல் மூடிய தரையில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. மழை விட்டதும் நெருஞ்சி படரும். மஞ்சள் பூ கண்ணுக்கு அழகுதான், அதன் காய் குதிகாலில் ஏறினால் உயிர் போகும். சாமிக்குப் பூப்பறிக்கப் போகிற அந்தத் தலைமுறைப் பெண்மணி செருப்புப் போட்டுக்கொண்டு போகமாட்டார். இந்த வயதில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். மகனிடம் சொன்னால் "ஆள் வைத்துச் செய்துவிடலாம்மா" என்பான், அப்புறம் ஆள் வராது. அதனால் வாயை மூடிக்கொண்டு, கடைப் பூவைப் பிரித்து வைக்கிறார். எத்தனையோ வீடுகளிலிருந்து இதே கதை எனக்கு வந்திருக்கிறது. பிள்ளை குருவைத் தேடி ஊர் ஊராகப் போவான், தாய் பின்கட்டு வாசற்படியைத் தாண்டமாட்டாள்.

மனசுக்கு உவமை சொல்ல அந்தப் பாதை உங்களுக்குப் பயன்பட்டது. அது நிஜமான பாதை, ஐயா! பெற்றவள் தினமும் நடந்த பாதை. அதை மூடவிட்டுவிட்டு எந்த வழிக்கு வரப்போகிறீர்கள்?

திருமுறை ஓதுகிறவர் நீங்கள். அப்பர் சுவாமிகள் கையில் என்ன இருந்தது? உழவாரம். புல் செதுக்கும் கருவி. அடியார் கால் படும் இடத்தில் முள் இருக்கக்கூடாது என்று தள்ளாத வயதிலும் கோயில் கோயிலாகச் செதுக்கினார். திருப்புகலூரில் அப்படிச் செதுக்கும்போது பொன்னும் மணியும் மின்னின. அதையும் பரல் கற்களோடு சேர்த்து வாரி வாவியில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். அதற்கு முன்னால், சமயம் மாறிப்போய்ச் சூலை நோயில் துடித்தபோது அவர் யாரிடம் வந்தார்? வீட்டு மனுஷியிடம், அக்கா திலகவதியாரிடம். அந்த அம்மாள் திருவதிகையில் என்ன செய்துகொண்டிருந்தார்? விடியுமுன் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூக்கொய்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் கையில் திருநீறு கொடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த நேரத்தில்தான். தியானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவனுக்குத் தியானம் கூடாது என்பது என் உறுதியான நம்பிக்கை. இதில் யாரோடும் சமாதானம் பேச நான் தயாரில்லை.

ஒரு களைக்கொத்து வாங்குங்கள். ஆள் வைக்கவேண்டாம், நீங்களே இறங்குங்கள். மண் ஈரமாக இருக்கும்போது செய்தால் வேரோடு வரும். கோரைப்புல்லை மேலே மட்டும் அறுத்தால் ஒரு வாரத்தில் பழையபடி நிற்கும். அடியில் நூல் கோத்த மாதிரி கிழங்கு கிழங்காக ஓடும். தோண்டித் தோண்டிப் பொறுக்க வேண்டும், ஒரே நாளில் முடியாது. நெருஞ்சியைக் காய் முற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள், விதை விழுந்தால் அடுத்த மழைக்கும் அதே கதைதான். வேலை மிச்சம் என்று சிமெண்ட் பூசிவிடாதீர்கள். பாசி பிடித்து வழுக்கும். எங்கே கல் பதிக்க வேண்டும், எங்கே கைப்பிடி வேண்டும் என்று அம்மாவைக் கேட்டுச் செய்யுங்கள். அவர் கால்தானே நடக்கப்போகிறது.

காலை 5 மணி வகுப்பை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அம்மாவோடு கொல்லைக்குப் போங்கள், பூக்கூடையை நீங்கள் பிடியுங்கள். பறிப்பது அவர் வேலை.