ஒட்டுவதற்கு முன் கேளுங்கள்

வணக்கம் ரீச்சர். தரம் 4 பிள்ளைகள் ஒட்டுச்சித்திரத்தை ஆசையாகச் செய்துவிட்டு, கருத்து எழுதச் சொன்னால் "மான் அழகு" என்று ஒரே வரியோடு நிறுத்துகிறார்கள் என்றீர்கள். தலைப்பை மாற்றிப் பாருங்கள். "மான்" என்றால் வாதாட எதுவும் இல்லை. "பிரெட்ரிக் கோட்டை மான்களுக்கு நாம் தீனி கொடுக்கலாமா?" என்று கேட்டால் திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

பசை தடவுவதற்கு முன் துண்டுகளை அடுக்கவைத்து, ஒவ்வொன்றும் ஏன் அங்கே என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒருத்தி மானின் வயிற்றில் பிஸ்கட் உறையை வைத்திருந்தாள். "பொலித்தீனையும் சேர்த்துத் தின்னுது ரீச்சர்" என்றாள். அதையே "ஏனென்றால்" போட்டு எழுதவைத்தேன். பசை காய்வதற்குள் இன்னும் இரண்டு காரணம் வந்துவிட்டது. எழுத்துப்பிழையை மட்டும் அன்றைக்கே திருத்தாதீர்கள், அப்புறம் பார்க்கலாம்.