கோழி ஈரல் மஞ்சளாக வீங்குவது ஏன்?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் 250 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மூன்று வாரமாகத் தீனி எடுப்பது குறைந்து, கொண்டை வெளுத்து, 17 கோழி செத்துவிட்டன. அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாக வீங்கியிருக்கிறது. ஈரல் டானிக் இரண்டு பாட்டில் கொடுத்தும் கேட்கவில்லை. லசோட்டா தடுப்பு மருந்து கொடுத்திருந்தும் வெள்ளைக்கழிச்சல் மாதிரி தெரிகிறது. மழையில் நனைந்த மக்காச்சோளத்தைக் காயவைத்து அரைத்துப் போட்டு வருகிறேன். மீதி மூட்டைகளை மாட்டுக்குப் போடலாமா? கீழாநெல்லி கொடுக்கலாமா?

பதில்: அம்மா, மாட்டுக்குப் போடாதீர்கள். கோழிக்கும் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த நனைந்த சோளம்தான்.

ஈரச் சோளத்தில் பச்சைப் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வெயிலில் காயவைத்தால் பூசணம் அடங்கும், நஞ்சு அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. நம் நாட்டிலேயே 1974-ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் மழையில் கெட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன.

டானிக் ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்கிறேன். குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே ஈரலுக்குத்தான் போகிறது. நஞ்சை முறிக்கப் பார்க்கும் ஈரலின் நொதிகளே இந்த நஞ்சை இன்னும் கொடியதாக மாற்றிவிடுகின்றன. அது ஈரல் செல்லின் மரபணுவிலும் புரதத்திலும் ஒட்டிக்கொள்ள, செல் சாகிறது. ஈரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்சுவரில் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் உட்கார்ந்திருக்கும். குடலிலிருந்து தப்பி வரும் கிருமிகளை விழுங்குவது அவற்றின் அன்றாட வேலை. பக்கத்துச் செல் செத்துக் கசிந்ததும் அவை உசுப்பேறி, டிஎன்எஃப், இன்டர்லூகின் போன்ற புரதங்களைச் சுரந்து ரத்தத்திலிருந்து மற்ற வெள்ளணுக்களையும் கூப்பிடுகின்றன. வந்தவை கொட்டும் ரசாயனத்தில் கெட்ட செல்லோடு நல்ல செல்லும் சாகிறது. அதைப் பார்த்துக் காவல் செல்கள் மறுபடி உசுப்பேறுகின்றன. அழற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தினமும் தீனியில் நஞ்சு வந்துகொண்டே இருந்தால் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது, நாளடைவில் தழும்பு படிந்து ஈரல் கெட்டியாகிவிடும்.

மஞ்சள் நிறம், ஈரல் வெளியே அனுப்ப முடியாமல் தேங்கிப்போன கொழுப்பு. அடுத்த முறை அறுத்தால் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி உடைந்து, கத்தியில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் நான் சொல்வதோடு பொருந்தும்.

லசோட்டா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஈரலில் காவல் செல்கள் இப்படிக் கொதிக்கும்போதே, உடம்பின் மற்ற இடங்களில் எதிர்ப்புச் சக்தியை இந்த நஞ்சு அடக்கிவிடுகிறது. எதிர்ப்புச் செல்கள் வளரும் உறுப்புகளான, வால்பக்கம் உள்ள பர்சாவும் கழுத்தில் உள்ள தைமஸும் சுருங்கிப்போகும். அந்த நிலையில் நல்ல தடுப்பு மருந்து கொடுத்தாலும் உடம்பு அதற்குச் சரியாக வேலை செய்யாது.

ஆனாலும் கடிதத்தை வைத்து மட்டும் உறுதி சொல்ல மாட்டேன். ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயும் உண்டு. புதிதாகச் செத்த கோழி இரண்டை ஐஸ் வைத்து ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். தீவனத்தையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். பூசணம் மூட்டை முழுக்க ஒரே மாதிரி பரவாது. அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று கைப்பிடி எடுத்துக் கலந்து, ஒரு கிலோவைத் துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துவிடும்.

இதற்கிடையில் புதுத் தீவனத்துக்கு மாறி, டாக்சின் பைண்டரைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கலக்குங்கள். அது குடலில் இருக்கும் நஞ்சைத்தான் பிடிக்கும், ஈரலுக்குப் போனதை இழுக்காது. மெத்தியோனின், கோலின், வைட்டமின் ஈ ஆகிய சத்துகள் ஈரலுக்கு உதவும். கீழாநெல்லி கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் பழைய தீனியைப் போட்டுக்கொண்டே எதைக் கொடுத்தாலும் பயன் இருக்காது. கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள், நொந்த ஈரலுக்கு அதுவும் ஒரு சுமை.

இனி சோளம் வாங்கும்போது உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சோளமும் காய்ந்த உப்பும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், வாங்காதீர்கள். ஒட்டாவிட்டாலும் இன்னும் காயவையுங்கள், 12-க்குக் கீழே வந்தால்தான் அடுக்கி வைக்கலாம். அதுவும் சிமெண்டுத் தரையில் வேண்டாம், பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி.

மாட்டுக்கு ஏன் கூடாது என்றால், இதே நஞ்சு எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் சட்டம். அந்தப் பாலை உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே குடிப்பார்கள்? நஷ்டம்தான், தெரிகிறது. ஆனாலும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்த மூட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். செத்த கோழிகளையும் யாரும் சமைக்க வேண்டாம். ஹெப்பாளில் முடிவு வந்ததும் எழுதுங்கள், லசோட்டாவை மறுபடி எப்போது கொடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.