தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா?

முலாம் பூசும் பட்டறை தொடங்கப்போவதாகச் சொல்லி, அனுமதி கிடைத்துவிட்டால் அப்புறம் நிம்மதியாகத் தொழிலைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலைகளுக்கு இந்த விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம்.

முதலில் உங்கள் பட்டறை எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். தொழிலின் தன்மையையும் அளவையும் வைத்துத்தான் பெரும்பாலும் பிரிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முலாம் தொட்டிகளின் கொள்ளளவு 30 கன மீட்டரைத் தாண்டினால் கடுமையான விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். இந்தியாவில், எவ்வளவு மாசுபடுத்தும் என்பதைப் பொறுத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை முதலான நிறங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

அனுமதியின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மிச்சத்தைப் பீரோவில் பூட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உயிர் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு வெளியே விடலாம், யார் அளக்க வேண்டும், எத்தனை நாளுக்கொரு முறை அளக்க வேண்டும், எல்லாம் அங்கேதான்.

வரம்பைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கழிவுநீரில் நல்ல தண்ணீரைக் கலந்தால் எண் இறங்கிவிடுமே?" இறங்கும். ஆனால் ஆற்றில் போய்ச் சேரும் உலோகம் ஒரு கிராம்கூடக் குறையாது. அதனால்தான் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதோடு, ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்தான் என்றும் எழுதி வைப்பார்கள். புகையிலும் இதே கதை. கொதிகலன் புகையில் வெறும் காற்றை ஊதினால் அளவீடு குறையும். அதற்கு மருந்தாக, புகையில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்தே அளக்கிறார்கள். 3 சதவீத ஆக்சிஜன் உள்ள புகைக்கு என்று வரம்பு வைத்திருக்கும்போது உங்கள் புகைபோக்கியில் 12 சதவீதம் இருந்தால், மீட்டரில் 100 என்று வந்தது கணக்கில் 200 ஆகிவிடும்.

இந்த ஓட்டை அடைக்கும் வேலை இன்று நேற்று வந்ததில்லை. பிரிட்டன் 1863-இல் கொண்டுவந்த ஆல்கலி சட்டம், சலவைச் சோடா தயாரிக்கும் ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்துவிட வேண்டும் என்றது. ஆலைகள் பெருகப் பெருக, மிச்சம் 5 சதவீதமே பெரிய தொல்லையாகிவிட்டது. 1874-இல் வெளியேறும் புகையின் செறிவுக்கும் வரம்பு வைத்தார்கள்.

அடுத்தது, அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் துளை எங்கே வர வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. அமெரிக்க முறையில், குழாயின் வளைவைத் தாண்டி, அதன் விட்டத்தைப் போல எட்டு மடங்கு தூரம் நேராக இருப்பது நல்லது. துளையைத் தாண்டியும் இரண்டு மடங்கு தூரம் நேராக வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு மொத்தம் பத்து மீட்டர் ஆயிற்று, ஆள் நின்று அளக்க மேடை தனி. கூரை போட்ட பிறகு இதைச் செய்வது எவ்வளவு செலவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிய ரசாயனம் சேர்த்தாலோ உற்பத்தியைக் கூட்டினாலோ முதலில் அனுமதியைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். புதுப்பிக்கும் தேதியையும் குறித்து வையுங்கள். அமெரிக்காவில் கழிவுநீர் வெளியேற்ற அனுமதி அதிகபட்சம் ஐந்து ஆண்டுதான், முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

பழைய கட்டடத்தை எடுத்துத் தொடங்குவதாக இருந்தால் இன்னொன்று. இயந்திரம் இறங்குவதற்கு முன்பே மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அபாயகரமான பொருள்களைக் கையாளும் பெரிய ஆலைகளிடம் ஐரோப்பிய விதி இதைக் கட்டாயமாகவே கேட்கிறது. தொழிலை மூடும்போது அந்த அறிக்கையோடுதான் ஒப்பிடுவார்கள். அது இல்லையென்றால், முன்னால் இருந்தவர் மண்ணில் இறக்கிவிட்டுப்போன குரோமியம் உங்களுடையது இல்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு.