கியோத்தோவின் குடையும் உகந்தை வழியின் இளநீரும்

கேள்வி: அண்மையில் ஜப்பான் சென்றிருந்தேன். கியோத்தோ நகரில் மழையில் வழி தெரியாமல் நின்ற என்னை, மொழி புரியாத ஒரு மூதாட்டி தமது குடைக்குள் அழைத்து விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். ரயிலில் தவறவிட்ட பணப்பையும் வைத்தது வைத்தபடி திரும்பக் கிடைத்தது. இந்தப் பண்பு நம் மக்களிடம் ஏன் இல்லை?
– வாசகி, கல்முனை

பதில்: அந்த மூதாட்டியை நீங்கள் மறவாமல் எழுதியது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் உங்கள் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. கியோத்தோவில் நீங்கள் திக்குத் தெரியாத அந்நியராக நின்றீர்கள். கல்முனையில் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. பிறகு நம்மவர் அந்நியரை எப்படி நடத்துகிறார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியவரும்?

அதை அறிந்தவர்கள் கதிர்காமப் பாதயாத்திரை செல்பவர்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை வழியாக மட்டக்களப்புக்கு வந்து, உங்கள் ஊரையும் திருக்கோவிலையும் பொத்துவிலையும் கடந்து உகந்தை முருகன் கோயிலை அடைந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் இறங்குகிறார்கள். வழிநெடுக அவர்களுக்குச் சோறும் மோரும் படுக்க இடமும் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அன்றாடம் உழைத்து உண்பவர்களே. ஒரு வருடம் நானும் நடந்தேன். அக்கரைப்பற்றுக்கு அப்பால், நண்பகல் வெயிலில், ஒரு முஸ்லிம் பெரியவர் எங்கள் ஏழு பேருக்கும் இளநீர் வெட்டித் தந்தார். காசை நீட்டியபோது, "நடக்கிற ஆக்களிட்ட வாங்கிறல்ல மனே" என்று கையை மூடிவிட்டார். மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் மந்திரத்தின் மேல் பழிபோட்டுச் சொல்வதும் இந்த உபசரிப்பைத்தான் என்பது என் துணிபு.

பணப்பை வேறு விடயம். அதைத் திருப்பித் தந்த ஜப்பானியரின் நேர்மைக்குப் பின்னால் ஓர் ஏற்பாடும் இருக்கிறது. அங்கே தெருமுனைகளில் 'கோபான்' எனப்படும் சிறு பொலிஸ் காவற்கூடங்கள் உள்ளன. கண்டெடுத்ததை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். உரியவர் வந்தால் பொருளின் பெறுமதியில் 5 முதல் 20 வீதம்வரை கண்டெடுத்தவர் சன்மானமாகக் கோரலாம். 3 மாதங்களுக்குள் எவரும் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் அவருக்கே உரியவை என்கிறது சட்டம். நம் பஸ்ஸில் ஒரு பையைக் கண்டெடுப்பவரோ, நடத்துநரிடம் கொடுப்பதா, பொலிஸுக்குப் போனால் தம்மையே விசாரிப்பார்களா என்று தடுமாறுகிறார். அவரிடம் மனம் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்க நம்பிக்கையான ஓர் இடம் இல்லை.

நாம் தவறும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். காவி வேட்டியைக் கண்டால் நமக்கு ஆளைத் தெரிகிறது. அடையாளம் ஏதுமின்றி வருபவரை அப்படி நாம் பார்ப்பதில்லை. அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணிடம் இரட்டிப்பு ஆட்டோக் கூலி கேட்பவர் நம்மில் உண்டு. மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளையைப் பார்க்க வந்து, தமிழில் கேட்கத் தெரியாமல் துண்டுச் சீட்டோடு நிற்கும் சிங்களத் தாயைப் பலர் கடந்து போவதை நானே கண்டிருக்கிறேன்; ஒரு நாள் அவசரத்தில் நானும் கடந்து போயிருக்கிறேன், அது இன்றும் உறுத்துகிறது.

சகோதரி, மழைக்காலம் வருகிறது. கல்முனை பஸ் நிலையத்தில் வழி தெரியாமல் நிற்கும் ஒருவரை உங்கள் குடைக்குள் அழைத்துச் சென்றுவிட்டு எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.