மேட்டூருக்கு ஒரு மழை, நமக்கு ஒரு மழை: மாணவர்களின் வானிலைக் கேள்விகள்

பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கொல்லையில் ஒரு மழைமானி வைத்து தினமும் குறித்து வருகிறேன். அதைக் கேள்விப்பட்டு டெல்டா முழுக்க இருந்து பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்பினார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஐயா, செய்தியில் எங்கள் ஊருக்கு 7 செ.மீ. மழை என்றார்கள். விரல் நீளம்தானே? தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறதே? (திருத்துறைப்பூண்டி, எட்டாம் வகுப்பு)

7 செ.மீ. என்பது, விழுந்த மழை ஓடாமல், தரையில் ஊறாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்ற கணக்கு. மழை அப்படி நிற்குமா? மேட்டில் விழுந்ததெல்லாம் பள்ளத்தில் இருக்கும் உன் தெருவுக்கு வந்து சேர்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நம் பக்கத்து ஒரு மா நிலம் சுமார் 33 சென்ட், அதாவது 1,300 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதில் 7 செ.மீ. பெய்தால் தொண்ணூறாயிரம் லிட்டருக்கு மேல் வரும். உன் அப்பாவிடம் சொல்லிப் பார், வடிகாலை ஏன் முன்கூட்டியே தூர்வார வேண்டும் என்று அவரே பாடம் எடுப்பார்.

இன்னொன்று. வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடியும். நேற்று இரவு பெய்த மழை இன்றைய கணக்கில் வருவது அதனால்தான். வீட்டில் அளக்க ஆசையா? பக்கவாட்டுச் சுவர் நேராக இருக்கும் டப்பா ஒன்று போதும், ஒரு ஸ்கேலை உள்ளே விட்டு அளந்துவிடலாம். வேப்பமரத்தடியிலும் தாழ்வாரத்து ஓரத்திலும் மட்டும் வைத்துவிடாதே.

கேள்வி: சார், ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்கிறார்கள். ஆற்றிலும் தண்ணீர் வருகிறது. எங்கள் ஊரில் மட்டும் வெயில் கொளுத்துகிறது. அந்த மழை எங்கே போகிறது? (மன்னார்குடி, ஒன்பதாம் வகுப்பு)

இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு சபாஷ். டெல்டாவின் கதையே இதில்தான் இருக்கிறது.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டுப் பார், வெளியே வரும் காற்று சில்லென்று இருக்கும். அதே கதைதான். குளிர்ந்த காற்றில் ஆவியாக இருந்த ஈரம் துளியாகி, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. குடகில் பெய்தது காவிரியாகவும், வயநாட்டில் பெய்தது கபினியாகவும் ஓடிவந்து மேட்டூரை நிரப்புகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது என்ற வழக்கமே அந்த மழையை நம்பித்தான்.

மலையைத் தாண்டிய காற்று நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடும், காற்று சுருங்கிச் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டிருப்பாய். ஈரமற்ற காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடேறும். கைச்சரக்கை விற்றுவிட்டுத் திரும்பும் காலி வண்டிபோலத்தான் அது நம்மிடம் வருகிறது. ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்றும் இதுதான். வேகம் உண்டு, மழை இல்லை. முழுக்க இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை வருவதுண்டு.

நம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்ததும் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து, வங்காள விரிகுடாவின் ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. ஆக, ஆற்றில் வருவது ஒரு பருவத்து மழை, வயலில் விழுவது இன்னொரு பருவத்து மழை. குறுவைக்கு மேட்டூரைப் பார்க்கிறோம், சம்பாவுக்கு வானத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

கேள்வி: காற்றழுத்தத் தாழ்வில் சுற்றிலும் இருந்து காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் பள்ளம் நிரம்பிவிடாதா? அது எப்படிப் புயலாகிறது? (நாகப்பட்டினம், பதினொன்றாம் வகுப்பு)

நிரம்பத்தான் வேண்டும். உள்ளே வரும் காற்று மேலே ஏறிவிடுவதால் நிரம்புவதில்லை. ஏறும்போது ஆவி துளியாகிறது. ஆவியாக்கச் செலவான வெப்பம் அப்போது திரும்ப வெளிப்படுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. உச்சியில் வெளியேறும் காற்று, அடியில் நுழைவதைவிட அதிகமானால் அழுத்தம் மேலும் குறையும். கடல் மேற்பரப்பு சுமார் 27 டிகிரியாவது இருந்தால்தான் இந்த அடுப்பு எரியும். கரையேறியதும் விறகு தீர்ந்துவிடும்.

பூமி சுழல்வதால் உள்ளே வரும் காற்று நேராக வராமல் வளைகிறது. நம் வடகோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 50 கி.மீ. என்றால் தாழ்வு மண்டலம். அதற்கு மேல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல், பெயரும் வைத்துவிடுவார்கள். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டில் 1ஆம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். 10 என்றால் பெரும் ஆபத்து, புயல் நம்மேலேயே வருகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா உனக்கு நினைவிருக்காது. புயலின் கண், அதாவது அதன் நடுவிலுள்ள அமைதியான பகுதி, கடக்கும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். பிறகு திடீரென்று அமைதி. புயல் போய்விட்டது என்று வெளியே வந்தால் அவ்வளவுதான், அப்புறம் எதிர்ப்பக்கம், தெற்கிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் ஆடிப் பிடி தளர்ந்த தென்னையை மறுபக்கம் அடித்துச் சாய்க்கும்.

கேள்வி: சார், 'ஓரிரு இடங்களில் மழை' என்றார்கள். நம்பி நெல்லைக் காயவைக்கவில்லை. ஒரு துளி இல்லை. (பட்டுக்கோட்டை, ஒரு மாணவியின் அம்மா)

அம்மா, அந்தச் சொற்களுக்கு அளவு இருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை 'சில இடங்கள்'. முக்கால் வரை 'அநேக இடங்கள்'. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்கள்'. ஓரிரு இடங்கள் என்றால் உங்கள் களத்தில் பெய்யாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தார்ப்பாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு காயவைக்கலாம். 'அநேக' என்று கேட்டால் நெல்லைப் பரப்பாதீர்கள்.

கேள்வி: மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? ஏன் குளிர்கிறது? (தஞ்சாவூர், ஏழாம் வகுப்பு)

சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது தம்பி, அதில் இரண்டு கிலோமீட்டர் எந்த மூலைக்கு? வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. மேலே போகப் போகக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

கேள்வி: ஐப்பசி மழை ஏன் பெரும்பாலும் விடியற்காலையில் வெளுத்து வாங்குகிறது? (வேதாரண்யம், பத்தாம் வகுப்பு)

இரவில் நிலம் சீக்கிரம் குளிரும், கடல் குளிராது. நிலத்துக் காற்று கடலை நோக்கி மெல்ல நகரும். எதிரே ஈரமான வடகிழக்குக் காற்று வருகிறது. இரண்டும் கரையோரம் முட்டிக்கொண்டால் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை, மேகம் திரண்டு கரையில் கொட்டுகிறது. கோடையில் இது தலைகீழ்: பகலில் நிலம் சுட்டு, மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். உங்களுக்கு முன்னதாகவே வந்துவிடும், தஞ்சாவூர்க்காரர்கள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: மார்கழியில் பனி மேலிருந்து பெய்கிறதா? (கும்பகோணம், ஆறாம் வகுப்பு)

பேச்சில் 'பனி பெய்கிறது' என்போம், ஆனால் மேலிருந்து எதுவும் விழவில்லை பாப்பா. மேகமில்லாத இரவில் புல்லும் சைக்கிள் சீட்டும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அருகிலிருக்கும் ஆவி அவற்றின்மேல் துளியாகப் படியும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதுபோல. மேகம் மூடிய இரவில் அந்த வெப்பத்தில் ஒரு பங்கை மேகம் திருப்பித் தந்துவிடும், அதனால் பனி குறைவு. மரத்தின் இலைகளும் அதையே செய்யும். காலையில் சீட்டு நனையாமல் இருக்க வேண்டுமா, சைக்கிளை மரத்தடியில் நிறுத்து. காக்காய் உட்காராத மரமாகப் பார்த்து.